பிரருக்கு கணக்கெடுப்பு, மாமிராவா

பிரேசிலின் அமேசானாஸ் மாநிலத்தில், ஜப்புரா, சொலிமோயின்ஸ் ஆறுகளுக்கு இடையிலுள்ள மாமிராவா வெள்ளக்காட்டில் மீனவர்களே மீன் எண்ணும் முறை. எண்ணப்படுவது பிரருக்கு (அரப்பைமா). மூன்று மீட்டர்வரை வளரும் செதில் மீன். செவுள் மட்டும் போதாமல் சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து காற்றை விழுங்கும். ஈட்டிக்கு அதை எளிதாகக் காட்டிக்கொடுத்ததும் இந்தப் பழக்கமே.

மிகைப்பிடிப்பால் இனம் அருகவே, 1996-இல் மாநிலமெங்கும் இதைப் பிடிப்பது தடைசெய்யப்பட்டது. 1999 முதல், சமூக மேலாண்மைக்கு உட்பட்ட ஏரிகளுக்கு விலக்கு கிடைத்தது. நீர் வற்றி ஏரிகள் தனித்து நிற்கும் பருவத்தில், ஒவ்வொருவரும் தமக்குரிய பரப்பை 20 நிமிடம் கவனித்து, மேலெழும் மீன்களை எண்ணுவர். ஒரு மீட்டருக்கு மேற்பட்டவையே கணக்கில் வரும். ஒன்றரை மீட்டரைத் தாண்டியது முதிர்ந்த மீன். ஒரே மீனை இருமுறை எண்ணாதிருப்பதுதான் கடினம். நீர் அலம்பும் ஒலியையும் கலங்கலையும் கொண்டு தேர்ந்த மீனவர் மீனுக்கு மீன் வேறுபாடு கண்டுவிடுவார். அடையாளமிட்டு மீண்டும் பிடிக்கும் ஆய்வுமுறையோடு ஒப்பிட்டபோது இக்கணக்கு பெரிதும் ஒத்துப்போனது. பட்டறிவை ஐயுற்றவர்களுக்கு அது நல்ல விடை.

எண்ணிய முதிர்ந்த மீன்களில் அதிகபட்சமாக 30 விழுக்காட்டை மறு ஆண்டு பிடிக்க பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைப்பான இபாமா அனுமதி தரும். டிசம்பர் முதல் மே வரை பிடிக்கத் தடை. திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்கும் காவலும் பெரும்பாலும் ஊராரின் பொறுப்பே.