ஓலையின் நெருக்கமும் ஜேசானின் இடைவெளியும்

ஓலையில் எழுதியோர் இடத்தைச் சிக்கனமாகக் கையாண்டனர். சொற்களுக்கிடையே வெளி விடுவதில்லை. செய்யுள் அடி முடிந்தாலும் வரியை மடக்குவதில்லை. மெய்யெழுத்துக்குரிய புள்ளியையும் பெரும்பாலும் இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. ஆகவே சுவடியில் 'கொல' என்றிருந்தால் அதனைக் கொல, கொல், கோல, கோல் என நான்கு வகையாகப் படிக்கலாம். எது பொருந்தும் என்பதை இடம் நோக்கிப் படிப்பவரே துணிய வேண்டும்.

நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் (1680–1747) என்பது மரபு. அச்சு, புள்ளியை நிலைபெறச் செய்தது. சொற்பிரிப்பு இன்னும் தாமதமாக வந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் அறிஞர் குழுவைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, மலிவு விலையில் வெளியிட்டார். அப்பதிப்புகள் எளிமையானவை என்று மட்டும் சொல்வது போதாது. சந்தி பிரிப்பதும் ஒருவகை உரையே. பிரித்தவர் ஒரு பொருளைத் தேர்ந்துவிட்டார்.

இதே நெருக்கமும் நெகிழ்வும் இன்று கணினித் தரவில் மீண்டும் எதிர்ப்படுகின்றன. நிரல்கள் தமக்குள் தரவு பரிமாறப் பயன்படுத்தும் ஜேசான் வடிவத்தை 2001 அளவில் உருவாக்கி அறிமுகம் செய்தவர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு. 2006-இல் வெளியான அதன் வரையறை, அடைப்புக்குறி, காற்புள்ளி, முக்காற்புள்ளி ஆகியவற்றின் இருபுறமும் வரும் வெற்றிடத்துக்குப் பொருளில்லை என்கிறது. வலையில் அனுப்புகையில் எல்லா வெளியையும் நீக்கி ஒரே வரியாக்கலாம். மனிதர் படிக்க வேண்டுமெனில் உள்தள்ளி வரி வரியாக விரிக்கலாம். பைத்தான் மொழியில் 'செபரேட்டர்ஸ்' முன்னதற்கு, 'இன்டென்ட்' பின்னதற்கு. எத்தனை முறை சுருக்கி விரித்தாலும் தரவு மாறாது. ஓலைக்கு இந்த வாய்ப்பு இருந்ததில்லை. விடுபட்ட புள்ளியை எந்த விதியாலும் முழுமையாக மீட்க முடியாது.

ஆனால் பைத்தான் மற்றொன்றும் செய்கிறது. நாம் தடுக்காதவரை, ஆங்கில எழுத்தல்லாதவற்றைக் குறியெண்களாக மாற்றிவிடுகிறது. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். குறியெண்ணாக்கினால் 30. சுருக்கமும் இல்லை, தெளிவும் இல்லை! பரிமாற்றத்துக்கு யூடிஎஃப்-8 வேண்டுமென 2017-இன் வரையறை கூறிய பின்னும் இவ்வியல்பு நீடிக்கிறது.

இதன் விலையைத் தாராவியில் கண்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடியேறிய மூதாட்டி ஒருவர் சொல்லக் கேட்டுத் தொகுத்த சொற்பட்டியலைச் சரிபார்க்க அவரிடமே கொண்டுசென்றேன். தாளெங்கும் குறியெண்கள்.

"நான் சொன்னது இதுல எங்க தம்பி இருக்கு?"

தேவ்நார் திரும்பி, 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கி, உள்தள்ளலுடன் மீண்டும் அச்சிட்டேன். மறுவாரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார். கோயில் திருவிழாவைக் குறிக்கும் 'கொடை' என்ற சொல்லை நான் 'கோடை' எனத் தட்டச்சிட்டிருந்தேன்.