130 டாலர் சூப்பர்மேன்

சூப்பர் ஹீரோக்களில் யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் பேட்மேன் என்பார்கள். மீதிப் பேர் ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் என்று பிரிந்துகொள்வார்கள். சூப்பர்மேனுக்குக் கை தூக்க ஆள் குறைவு. ரொம்ப நல்லவன், ரொம்ப பலசாலி, அதனால் போர் அடிக்கிறான் என்பது அவன் மேல் உள்ள குற்றச்சாட்டு. எனக்கு என்னவோ அவனைத்தான் பிடிக்கும். அதற்குக் காரணம் அவனுடைய சாகசங்களைவிட, அவனை உருவாக்கிய இரண்டு பேருடைய கதை. அந்தக் கதையில் வில்லன் மாதிரி வருவதும் ஒரு கம்பெனி, கடைசியில் கொஞ்சமாவது நியாயம் கிடைக்கக் காரணமாவதும் ஒரு சினிமா. கொஞ்சம் நீளமான கதைதான், பொறுமையாகப் படியுங்கள்.

கிளீவ்லாண்ட் பையன்கள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்ட் என்று ஒரு ஊர். அங்கே கிளென்வில் பள்ளியில் படித்தவர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும். இருவரும் 1914-ல் பிறந்தவர்கள். இருவருமே ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். சீகலுக்கு எழுத்து, ஷஸ்டருக்கு ஓவியம். பள்ளியில் பெரிய ஹீரோக்கள் எல்லாம் கிடையாது. கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள பையன்கள். கிளார்க் கென்ட் எங்கிருந்து வந்தான் என்று இப்போது புரிந்திருக்கும்!

1932-ல் சீகலின் அப்பா நடத்திவந்த துணிக்கடையில் திருட்டு நடந்தது. அந்தக் கலவரத்தில் அவர் மாரடைப்பு வந்து இறந்துபோனார். அடுத்த சில வருஷங்களில் அந்த வீட்டுப் பையன், துப்பாக்கிக் குண்டு துளைக்காத ஒரு மனிதனைக் கற்பனை செய்கிறான். இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடும் ஆய்வாளர்கள் உண்டு. முடிச்சு சரியோ தப்போ, படிக்கும்போது மனதைப் பிசைகிறது.

முதலில் சூப்பர்மேன் ஹீரோவே இல்லை. 1933-ல் இவர்கள் கைக்காசில் நடத்திய சின்னப் பத்திரிகையில் அந்தப் பெயரில் வந்தவன் ஒரு மொட்டைத்தலை வில்லன். அப்புறம்தான் அவனை நல்லவனாக மாற்றி, வேற்றுக் கிரகத்திலிருந்து கொண்டுவந்து, இறுக்கமான உடையும் முதுகில் துணியும் மாட்டிவிட்டார்கள். அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு பத்திரிகைப் படக்கதை நிறுவனங்களின் கதவை வருஷக்கணக்கில் தட்டினார்கள். ஒருவரும் சீந்தவில்லை.

13 பக்கம், 130 டாலர்

1938-ல் நியூயார்க்கில் ஹாரி டோனன்ஃபெல்டும் ஜேக் லீபோவிட்ஸும் நடத்திய பதிப்பகம் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' என்று புதுப் பத்திரிகை தொடங்கியது. பக்கத்தை நிரப்பக் கதை வேண்டும். தினசரிப் பத்திரிகைக்காக வரைந்திருந்த படங்களை வெட்டி ஒட்டி, காமிக்ஸ் பக்க அளவுக்கு மாற்றி அனுப்பச் சொன்னார்கள். 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர். ஆக 130 டாலர். ஆளுக்கு 65.

சிக்கல் கூலியில் இல்லை. அந்தப் பணத்தோடு போட்ட கையெழுத்தில் இருந்தது. கதையோடு சேர்த்து சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் முழு உரிமையையும் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது இருவருக்கும் வயது 23.

அந்த 130 டாலர் வேறு வேலைகளுக்கான கூலியோடு சேர்த்து 412 டாலர் காசோலையாக வந்தது. அந்தக் காசோலைத் தாள் 2012-ல் ஏலத்துக்கு வந்தபோது 1,60,000 டாலருக்குப் போனது. 10 சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு விற்றது. காகிதத்துக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் திருப்பி அனுப்பிய கதையை அச்சில் போட்டுப் பணத்தை இறக்கியது அந்தப் பதிப்பகம்தான். ஆரம்ப வருஷங்களில் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் நல்ல வருமானமும் வந்தது. ஆனால் சூப்பர்மேன் சம்பாதித்ததற்கு முன்னால் அது கொசுறு.

தாவியவன் பறந்த கதை

1938-ல் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது! எட்டில் ஒரு பங்கு மைல் தூரம் தாவுவான், அவ்வளவுதான். கிரகம் விட்டுக் கிரகம் போய்ச் சண்டை போடுகிற வேலையும் கிடையாது. முதல் இதழிலேயே மனைவியை அடிக்கும் ஒருவனைத் தூக்கிப் போட்டு மிதிக்கிறான். தூக்குத் தண்டனை போல மரணத்தை எதிர்நோக்கி நிற்கும் நிரபராதியான ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான். ஊழல் அரசியல்வாதியைத் துரத்துகிறான். பொருளாதார மந்தத்தில் அடிபட்ட ஊரில் வளர்ந்த பையன்கள் வேறு எப்படி எழுதுவார்கள்?

இன்று நாம் பார்க்கும் சூப்பர்மேனின் பாதி, மற்ற ஊடகங்கள் சேர்த்தது. 1940-ல் வானொலித் தொடர் வந்தது. பத்திரிகை ஆசிரியர் பெர்ரி வைட் அங்கே பிறந்தவர். அவனை மயக்கம் போட வைக்கும் கிரிப்டோனைட் 1943-ல் வானொலியில்தான் முதலில் வந்தது. 1941-ல் பாப்பாய் கார்ட்டூன் புகழ் பிளைஷர் சகோதரர்கள் திரையரங்குகளுக்காகச் சூப்பர்மேன் கார்ட்டூன் எடுத்தார்கள். முதல் படத்துக்கு மட்டும் சுமார் 50,000 டாலர் செலவு. பத்து நிமிஷம் ஓடும் கார்ட்டூனுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. தாவித் தாவிப் போவது திரையில் வெட்டுக்கிளி மாதிரி இருந்ததால் பறக்கவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இன்று பார்த்தாலும் அந்தப் படங்களின் அழகு குறையவில்லை.

1948-ல் கொலம்பியா நிறுவனம் 15 பாகத் தொடர்படம் எடுத்தது. சூப்பர்மேன் கிர்க் ஆலின். பறக்க வேண்டிய இடம் வந்தால் ஆலின் மறைந்து கார்ட்டூன் சூப்பர்மேன் பறப்பான். இறங்கியதும் மறுபடி ஆலின்! சிரிப்பு வரும்தான், ஆனால் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 1952 முதல் 1958 வரை ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த தொலைக்காட்சித் தொடர் 104 பகுதிகள் வந்தது.

வானொலி, கார்ட்டூன், சினிமா, தொலைக்காட்சி என்று சூப்பர்மேன் பறந்துகொண்டிருந்தபோது அவனைப் பெற்றவர்கள் எங்கே இருந்தார்கள்?

பெயரும் போச்சு

இரண்டாம் உலகப் போரில் 1943-ல் சீகல் ராணுவத்துக்குப் போனார். அவர் அங்கே இருக்கும்போது, அவர் முன்பே எழுதிக் கொடுத்து பதிப்பகம் வேண்டாம் என்று வைத்திருந்த 'சூப்பர்பாய்' யோசனை அவரைக் கேட்காமலேயே அச்சில் வந்தது. 1947-ல் இருவரும் வழக்குப் போட்டார்கள். சூப்பர்மேன் பதிப்பகத்துக்கே சொந்தம், சூப்பர்பாய் சீகலுக்குச் சொந்தம் என்பது நீதிபதியின் முடிவு. கடைசியில் 1948-ல் சுமார் 94,000 டாலருக்கு சமரசம். அதற்குப் பதிலாக சூப்பர்பாயும் கையை விட்டுப் போனான். பணத்தின் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போனது.

அதைவிடப் பெரிய அடி, காமிக்ஸ் பக்கங்களிலிருந்து இருவர் பெயரும் எடுக்கப்பட்டது. அதுவரை ஒவ்வொரு கதையின் தலைப்பிலும் இருந்த பெயர்கள் அவை. 1959-ல் பிழைப்புக்கு வேறு வழி இல்லாமல் சீகல் அதே கம்பெனியில் மறுபடி எழுதப் போனார். தான் படைத்த ஹீரோவுக்குத் தானே கதை எழுதினார், பெயர் இல்லாமல்.

1960-களில் காப்புரிமையைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது மறுபடி வழக்கு. 1974-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனி பக்கமே தீர்ப்பு சொன்னது. சட்டப்படி கதை முடிந்தது. சீகல் கலிபோர்னியாவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. படம் வரைந்த ஷஸ்டருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. எக்ஸ்ரே கண் உள்ள ஒருவனை வரைந்தவருக்கு!

ஒரு படமும் ஒரு சாபமும்

இந்த நேரத்தில்தான் பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் வரப்போகிறது என்ற செய்தி வெளியானது. கம்பெனி அப்போது வார்னர் குழுமத்தின் கையில் இருந்தது. 1975-ல் சீகல் உட்கார்ந்து ஒரு நீளமான அறிக்கை டைப் செய்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார். தனக்கும் ஷஸ்டருக்கும் நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்து, இந்தப் படம் விளங்காமல் போகட்டும் என்று சாபமே கொடுத்திருந்தார். வயிற்றெரிச்சல் என்று நாம் சொல்வோமே, அதன் அச்சு வடிவம்.

முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் களத்தில் இறங்கினார்கள். ஆடம்ஸ் பேட்மேன் வரைந்து புகழ் பெற்றவர். ராபின்சன் ஜோக்கரை உருவாக்கியவர்களில் ஒருவர். பத்திரிகை, தொலைக்காட்சி என்று ஒரு இடம் விடாமல் பேசினார்கள். சூப்பர்மேனைப் படைத்த இரண்டு முதியவர்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது.

கம்பெனிக்கு சட்டப்படி ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கோடிக்கணக்கில் செலவு செய்து, நல்லவர்களில் நல்லவன் ஒருவனைப் பற்றிப் படம் எடுக்கும்போது அவனைப் பெற்றவர்களைப் பட்டினி போட்டவன் என்ற பெயர் வந்தால்? 1975 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் ஒப்பந்தம் ஆனது. ஆளுக்கு வருஷம் 20,000 டாலர், மருத்துவச் செலவு, அப்புறம் இருவரும் பிடிவாதமாகக் கேட்ட இன்னொன்று: படைத்தவர்கள் என்று அவர்கள் பெயர் மறுபடி இடம்பெற வேண்டும்.

இரண்டு வழக்குகளில் கிடைக்காதது, எடுக்கப்படாத ஒரு படத்தின் பயத்தில் கிடைத்தது. இதைத்தான் நான் இந்த வரலாற்றின் மையம் என்று நினைக்கிறேன். காமிக்ஸ் படிப்பவர்கள் கொஞ்சம் பேர். சினிமா ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் இடத்தில்தான் கம்பெனிகளுக்கும் வெட்கம் வருகிறது.

1978

ரிச்சர்ட் டோனர் இயக்கிய அந்தப் படம் 1978 டிசம்பரில் வந்தது. செலவு சுமார் 55 மில்லியன் டாலர். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் அப்போது யாருக்கும் தெரியாத முகம். அவருக்கு இரண்டு பாகத்துக்கும் சேர்த்து 2,50,000 டாலர். அப்பாவாக இருபது நிமிஷம்கூட வராத மார்லன் பிராண்டோவுக்கு 3.7 மில்லியன்! சீகல், ஷஸ்டர் இருவரும் சேர்ந்து வாங்கிய வருஷத் தொகையோடு வகுத்துப் பாருங்கள். பிராண்டோவின் சம்பளத்தை எட்ட அவர்களுக்கு 92 வருஷத்துக்கு மேல் ஆகும்.

ஆனாலும் படம் படம்தான். பறக்கும் காட்சிகளுக்கு சோரன் பெரிசிக் என்பவர் ஒரு உத்தி கண்டுபிடித்தார். பின்னணியைத் திரையில் காட்டும் புரொஜெக்டரும் கேமராவும் ஒரே நேரத்தில் ஒரே அளவு ஜூம் ஆகும். பின்னணி அப்படியே இருக்கும், முன்னால் கம்பியில் தொங்கும் ரீவ் மட்டும் நம்மை நோக்கிப் பறந்து வருவது போலத் தெரியும். இந்தப் படத்தின் காட்சி உத்திகளுக்குச் சிறப்பு ஆஸ்கார் கிடைத்தது. உத்தியை விட ரீவ் முக்கியம். தோளைக் குறுக்கி, குரலை மாற்றி அவர் கிளார்க் கென்ட் ஆகும்போது, கண்ணாடி போட்டால் எப்படி அடையாளம் தெரியாமல் போகும் என்ற பழைய கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. உலகம் முழுக்க சுமார் 300 மில்லியன் டாலர் வசூல். சாபம் பலிக்கவில்லை. அதற்குள் சாபத்துக்கான காரணம் கொஞ்சம் தீர்ந்திருந்தது.

படத்தின் தொடக்கத்தில் விண்வெளியில் நீல எழுத்துகள் பறந்து வரும். அதில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் பெயர்களும் வரும். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

பேட்மேன் ரசிகர்களுக்கு

சூப்பர்மேன் கதையைக் கேட்டு, எங்கள் ஆள் இப்படி இல்லை என்று பேட்மேன் ரசிகர்கள் நிம்மதி அடைய வேண்டாம். 1939 முதல் பேட்மேனைப் படைத்தவர் பாப் கேன் என்று மட்டுமே போட்டுவந்தார்கள். முகமூடி, நீண்ட அங்கி, காத்தம் என்ற ஊர்ப்பெயர் என்று நாம் ரசிப்பதில் பெரும்பகுதியைக் கொடுத்த எழுத்தாளர் பில் ஃபிங்கர் 1974-ல் பெயர் இல்லாமலேயே இறந்துபோனார். 1989-ல் டிம் பர்ட்டன் படம் வசூலைக் குவித்தபோதும் அவர் பெயர் இல்லை. எழுத்தாளர் மார்க் டைலர் நோபிள்மேன் தேடித் துருவி 2012-ல் புத்தகம் எழுதினார். ரசிகர்களும் குடும்பமும் குரல் கொடுத்தார்கள். 2015-ல் கம்பெனி ஒத்துக்கொண்டது. 2016-ல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தில்தான் பெரிய திரையில் முதல்முறையாக அவர் பெயர் வந்தது. அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த ஒரு வரிக்காக மன்னித்துவிட்டேன்.

2034

ஷஸ்டர் 1992-லும் சீகல் 1996-லும் இறந்தார்கள். வாரிசுகள் உரிமையைத் திரும்பக் கேட்டு நடத்திய வழக்குகள் 2013 தாண்டியும் இழுத்தன. கடைசியில் கம்பெனியே ஜெயித்தது. 2025-ல் ஜேம்ஸ் கன் இயக்கத்தில் புதிய சூப்பர்மேன் வந்தான். பழைய இரண்டு பெயர்களும் கூடவே வந்தன.

அமெரிக்கச் சட்டப்படி அந்த முதல் இதழின் காப்புரிமை 95 வருஷம். 2034 ஜனவரி 1 அன்று அது பொதுச் சொத்தாகிவிடும். கவனியுங்கள், விடுதலை ஆகப்போவது பறக்கிற சூப்பர்மேன் இல்லை. எட்டில் ஒரு பங்கு மைல் தாவுகிற, ஏழைகளுக்காக அடிதடியில் இறங்குகிற அந்தப் பழைய சூப்பர்மேன். கிளீவ்லாண்ட் பையன்கள் இரண்டு பேர் 130 டாலருக்கு விற்ற அதே ஆள். அன்றைக்கு அவனை வைத்து யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம், படம் எடுக்கலாம். யாருக்கும் காசு கொடுக்க வேண்டியது இல்லை. முதல் பக்கத்தில் இரண்டு பெயர் போடச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அப்போதும் போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்க்க எனக்கு ஆசை.