விமானப் பராமரிப்புக் குறைபாடு

விமான உறுப்புகளை உரிய காலத்தில் சோதிக்காமல் விடுவதாலோ தவறாகப் பழுது பார்ப்பதாலோ நேரும் பாதுகாப்புக் குறை.

காரணங்கள்: ஒவ்வொரு பறப்பிலும் அழுத்தமும் வெப்பமும் ஏறி இறங்குவதால் உலோகம் சோர்ந்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடுகிறது. மசகு குறைந்தால் உறுப்புகள் தேய்கின்றன. தவறான பழுதுபார்ப்பு பல ஆண்டுகள் கழித்தும் உயிர் பறிக்கலாம்.

விபத்துகள்: 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தில், சோர்வு விரிசலால் எஞ்சினின் அமுக்கி வட்டு உடைந்து சிதறியது. எரிபொருள் குழாய் அறுந்து தீப்பற்றியது. ஹைட்ராலிக் திரவம் வற்றிக் கட்டுப்பாடு போனது. திரும்பித் தரையிறங்க முயன்ற விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து, 95 பேரும் இறந்தனர். ‘பத்ரகாளி’ படத்தின் நாயகி ராணி சந்திராவும் அவர்களுள் ஒருவர். பராமரிப்பில் விரிசலை முன்கூட்டியே கண்டறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இவ்விபத்து உணர்த்துகிறது.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானத்தின் பின்புற அழுத்தத் தடுப்பை 1978இல் தவறாகப் பழுது பார்த்திருந்தனர். 1985 ஆகஸ்ட் 12 அன்று அது பிளந்து 520 பேர் மாண்டனர். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 பசிபிக் கடலில் விழுந்து 88 பேர் இறந்தனர். வால் இறக்கையை இயக்கும் திருகுத்தண்டுக்குப் போதிய மசகிடாததே காரணம்.

தடுப்பு: மீயொலி, சுழல் மின்னோட்டம், எக்ஸ் கதிர் ஆகிய சோதனைகள் உள்விரிசலைக் காட்டும். இந்தியாவில் பராமரிப்புப் பொறியாளர்களுக்கு சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்றவரின் சான்றொப்பம் இன்றி, பராமரிப்பு முடிந்த விமானம் பறக்கக் கூடாது. அவசரத்துக்கும் செலவுக் குறைப்புக்கும் அந்தக் கையொப்பம் வளைந்துவிடக் கூடாது. பயணிகளின் உயிர் அதைச் சார்ந்தே இருக்கிறது.