ராங்லர்களின் காலம்

ஒரு சர்வகலாசாலையில் கணித சாஸ்திரம் எவ்விதம் போதிக்கப்பட்டது என்பதை அறிய விரும்புகிறவர், அதன் பாடத்திட்டத்தைப் புரட்டுவதைக் காட்டிலும் அதன் பரீட்சைத் தாள்களைப் புரட்டுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். இதற்குக் கேம்பிரிட்ஜைவிடப் பொருத்தமான உதாரணம் அகப்படுவது அரிது. லத்தீன் பாஷையில் வாய்மொழியாக வாதம் செய்து பட்டம் பெற்றுவந்த அவ்வூர் மாணாக்கர்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் படிப்படியாக எழுத்துப் பரீட்சைக்கு மாறினார்கள். பிற்காலத்தில் டிரைபாஸ் என்று பிரசித்தி பெற்ற அந்தப் பரீட்சையில் தேறியவர்களைத் தகுதி வரிசைப்படி நிறுத்திப் பட்டியல் வெளியிடும் வழக்கம் அந்நூற்றாண்டின் மத்தியில் நிலைபெற்றது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு ராங்லர் என்று பெயர். அவர்களுள் முதல்வனுக்குச் சீனியர் ராங்லர் என்ற கீர்த்தி. மூன்றாம் வகுப்பின் கடைசி ஆளுக்கோ, சக மாணாக்கர்கள் கேலியாக வழங்கிய ஒரு மரக்கரண்டி!

நியூட்டன் பேராசிரியராக வீற்றிருந்த இடமாதலால், அங்கே கணிதம் என்றால் வானத்துக் கிரகங்களையும் பூமியில் விழும் பொருள்களையும் தொட்டுப் பேசும் கணிதமாகவே இருந்தது. கலப்புக் கணிதம் என்று அக்காலத்தார் சொன்ன அந்தத் துறையே இன்று கணித மாதிரியமைப்பு என்ற புதுப் பெயரோடு முதலாண்டு வகுப்புகளில் நுழைந்திருக்கிறது. 1769-இல் மூன்றாம் ராங்லராகத் தேறிய ஜார்ஜ் அட்வுட் என்பவர் தம் சொற்பொழிவுகளுக்காகச் சமைத்து, 1784-இல் வெளியிட்ட நூலில் விவரித்த கருவி ஒன்றை இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். ஒரு கப்பியின் மேல் ஓடும் கயிற்றின் இரு முனைகளிலும் இரண்டு எடைகள் தொங்குகின்றன. ஒன்று 51 பங்கும் மற்றொன்று 49 பங்கும் இருக்குமானால், இழுக்கும் விசைக்குக் காரணம் இரண்டின் வித்தியாசமாகிய 2 பங்கு. அசைக்கப்படவேண்டிய பளுவோ 100 பங்கு. ஆகவே கனத்த பக்கம் இயல்பான வீழ்ச்சியின் முடுக்கத்தில் ஐம்பதில் ஒரு பங்கோடுதான் இறங்கும். கட்டின்றி விழும் கல் இரண்டு வினாடியில் ஏறத்தாழ 20 மீட்டர் சென்று மறைந்துவிட, இந்த எடை அதே நேரத்தில் 40 சென்டிமீட்டர் அளவே நகர்வதால், ஊசல் கடிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டு எவரும் அதை அளந்துவிடலாம். கயிறு எடையற்றது, நீளாதது, கப்பி உராய்வற்றது என்று நம் பாடப் புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு அப்பால் போகின்றன. அட்வுட் அப்படிப் போகவில்லை. உராய்வைக் குறைக்கக் கப்பியின் அச்சை வேறு நான்கு சிறு சக்கரங்களின் மேல் ஏற்றிவைத்தார். அதன் பின்னும் சக்கரத்தின் சடத்துவத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எதைத் தள்ளலாம், எதைத் தள்ளலாகாது என்று ஆராய்ந்து தள்ளுவதே கலப்புக் கணிதத்தின் உயிர்.

ஆனால் குருபக்தியும் ஓர் எல்லையைக் கடந்தால் கெடுதியாகிறது. எழுத்தின் தலையில் புள்ளி வைத்து வகைக்கெழுவைக் குறித்த நியூட்டனின் முறையை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு, லைப்னிட்ஸின் குறியீட்டை ஆண்ட ஐரோப்பியக் கண்டத்துப் பண்டிதர்கள் எங்கேயோ முன்னேறிச் சென்றுவிட்டதைக் கேம்பிரிட்ஜ் நெடுங்காலம் கவனியாதிருந்தது. 1812-இல் பாபேஜ், ஹெர்ஷெல், பீகாக் முதலிய மாணாக்கர்கள் சேர்ந்து ஒரு சங்கம் கண்டு, 1816-இல் லாக்ருவா என்ற பிரெஞ்சுக்காரரின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். இத்தனையும் செய்தும் பழைமை அசைந்து கொடுக்கவில்லை. மறு ஆண்டு பீகாக்கே பரீட்சகராக நியமனம் பெற்று, வினாத்தாளில் புதிய குறியீட்டைப் புகுத்தினார். அதன்பின் அதைக் கற்காமல் தீராதென்ற நிலை வந்தது. பிரசங்கத்தால் ஆகாதது வினாத்தாளால் ஆயிற்று.

கல்லூரி விரிவுரைகள் போதா என்ற எண்ணத்தால் தனி ஆசான்களிடம் பணம் கட்டிப் படிக்கும் பழக்கம் வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களே உண்மையான பேராசிரியர்கள் ஆனார்கள். வில்லியம் ஹாப்கின்ஸிடம் ஸ்டோக்ஸ், கெய்லி, பிற்காலத்தில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன், மாக்ஸ்வெல் ஆகிய நால்வரும் பயின்றார்கள் என்றால் வேறென்ன சொல்லவேண்டும்? அவருக்குப் பின் வந்த ரவுத், இருபதுக்கு மேற்பட்ட சீனியர் ராங்லர்களை உருவாக்கிய சாதனையாளர்.

1854-ஆம் ஆண்டுப் பரீட்சை எட்டு நாள், பதினாறு தாள், நாற்பத்து நாலரை மணி நேரம், 211 வினாக்கள் கொண்டதாக இருந்தது. அதில் ரவுத் முதல்வர், மாக்ஸ்வெல் இரண்டாமவர். அதே ஆண்டு நடந்த ஸ்மித் பரிசுப் பரீட்சைக்கு வினா எடுத்த ஸ்டோக்ஸ், பரப்புத் தொகையையும் அதன் விளிம்பு வழியே எடுத்த தொகையையும் இணைக்கும் தேற்றத்தை நிரூபிக்கும்படி கேட்டிருந்தார். மாக்ஸ்வெல் எழுதிய அப்பரீட்சையின் அந்த வினாவே பின்னர் ஸ்டோக்ஸ் தேற்றம் என்று உலகமெங்கும் வழங்கலாயிற்று. மின்காந்த சாஸ்திரத்தில் அதன் உபயோகத்தைச் சொல்லி முடியாது. மதிப்பெண்களின் விநோதத்தையும் சொல்லவேண்டும். 1869-இல் பிரான்சிஸ் கால்ட்டன் எழுதிய கணக்குப்படி, மொத்தம் 17,000 மதிப்பெண்ணில் ஓர் ஆண்டின் சீனியர் ராங்லர் பெற்றது 7,500-க்குச் சற்று அதிகம். கௌரவப் பட்டியலின் கடைசி ஆள் பெற்றது 300-க்கும் குறைவு.

இம்முறையால் நன்மை விளையவில்லை என்று சொல்லமாட்டேன். திரவ ஓட்டத்தையும் உஷ்ணத்தையும் ஒளியையும் சமன்பாட்டில் அடக்கும் ஆற்றல் கொண்ட ஒரு பரம்பரையை அது தந்தது. ஆயினும் வேகத்துக்கும் ஞாபகத்துக்கும் அது கொடுத்த விலை மிக அதிகம். 1845-இல் தாம்சன் இரண்டாம் ஸ்தானத்துக்குத் தள்ளப்பட்டதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவரும் முதல்வரான பார்க்கின்சனும் ஒரு வினாவுக்கு ஏறக்குறைய ஒரே விடை எழுதியிருக்கக் கண்டு பரீட்சகர்கள் விசாரித்தார்களாம். பார்க்கின்சன் ஒரு கணிதப் பத்திரிகையில் படித்து மனப்பாடம் செய்திருந்தார்; அந்தக் கட்டுரையை எழுதியவரோ தாம்சன்! கதை உண்மையோ அல்லவோ, அப்பரீட்சையின் குறையை இதைவிட நன்றாக எவராலும் சொல்லமுடியாது.

பெண்கள் விஷயத்தில் அது நடந்துகொண்ட விதமோ நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. 1890-இல் நியூனம் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா ஃபாசெட் எல்லா ஆண்களையும் விஞ்சினார். பெண்களுக்கு வரிசையில் இடமில்லையாதலால், ‘சீனியர் ராங்லருக்கு மேல்’ என்று அவர் ஸ்தானத்தை வாசித்தார்கள். பட்டம் மட்டும் கொடுக்கவில்லை; கேம்பிரிட்ஜில் பெண்கள் முழுப் பட்டம் பெற 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1898-இல் நான்காம் ராங்லராகத் தேறிய ஹார்டி, இப்பந்தயம் தூய கணிதத்தின் வளர்ச்சிக்கே இடையூறு என்று கருதி, அதை ஒழிக்க முனைந்தவர்களுள் முன்னணியில் நின்றார். மறு ஆண்டு நம் தேசத்தவரான பராஞ்சபே சீனியர் ராங்லர் ஸ்தானத்தை மற்றொருவரோடு பகிர்ந்துகொண்டதையும், ஆயுள் முழுவதும் அவர் ராங்லர் பராஞ்சபே என்றே அழைக்கப்பட்டதையும் நினைத்தால், அப்பெயருக்கு இங்கும் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது விளங்கும். தகுதி வரிசைப் பட்டியல் 1909-உடன் நின்றது. அந்தக் கடைசிப் பட்டியலில் இரண்டாமவரான நெவில்தான் 1914-இன் தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்து, கடல் கடக்கத் தயங்கியிருந்த ராமானுஜனைக் கண்டு பேசியவர். ராமானுஜன் கும்பகோணத்தில் 1903-இல் கையிலெடுத்த கார் என்பவரின் தேற்றத் தொகுப்போ, இதே டிரைபாஸுக்கு மாணாக்கர்களைத் தயார் செய்த குறிப்புகளிலிருந்து விளைந்த புத்தகம். நிரூபணங்களைச் சுருக்கி, முடிவுகளை மாத்திரம் ஆயிரக்கணக்கில் அடுக்கியிருந்த அந்நூலைச் சாதாரண மாணாக்கன் மனப்பாடம் செய்திருப்பான். அவரோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிக்கொண்டார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சைகளில் தவறிய அவருக்கு, 1916-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பி.ஏ. பட்டம் அளித்தது; அது டிரைபாஸ் எழுதிப் பெற்றதன்று, ஆராய்ச்சிக்காக அளிக்கப்பட்டது.