கச்சிதப் பொறிமுறை விசைப்பலகை

கச்சிதப் பொறிமுறை விசைப்பலகை என்பது, ஒவ்வொரு விசையின் கீழும் சுருள்வில்லும் மின்தொடுமுனையும் கொண்ட தனி நிலைமாற்றி அமைந்த, முழு அளவுப் பலகையைவிடக் குறைந்த விசைகளையுடைய கணினி விசைப்பலகை ஆகும். கடைகளில் இது மெக்கானிக்கல் கீபோர்டு என்றே கேட்கப்படுகிறது. கணினி விளையாட்டு, தட்டச்சு ஆகிய இரண்டுக்கும் பயன்படுகிறது. விளம்பரங்கள் இதன் பின்னொளியை முன்னிறுத்தினாலும், தமிழில் எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது எந்தெந்த விசைகள் நீக்கப்பட்டுள்ளன என்பதையே.

அளவுகள்

முழு அளவுப் பலகையில் பொதுவாக 104 விசைகள் இருக்கும். எண் பகுதியை நீக்கினால் 87 எஞ்சும். செயல்விசை வரிசையும் அம்புக்குறிகளும் நீங்கியது 60% பலகை. இதில் ஏறத்தாழ 61 விசைகள் உள்ளன. 40% பலகையில் எண் வரிசையும் இராது. இத்தகைய சிறு பலகைகளுள் பெயர்பெற்ற ஒன்று, ஜப்பானியக் கணினி அறிவியலாளர் எயிச்சி வாதாவின் கருத்தில் உருவாகி 1996இல் வெளிவந்த ஹாப்பி ஹேக்கிங் விசைப்பலகை.

தமிழ்99 முறையும் நீக்கப்பட்ட விசைகளும்

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 முறையில், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகள் ஷிப்டு விசையின் துணையின்றி அமைந்துள்ளன. ஆங்கில எழுத்து விசைகள் 26. எஞ்சிய ஐந்து எழுத்துகள் நிறுத்தற்குறி விசைகளில் வைக்கப்பட்டன: ச, ஞ ஆகியவை இரு சதுர அடைப்புக்குறிகளிலும், ந அரைப்புள்ளியிலும், ய ஒற்றை மேற்கோளிலும், ழ சாய்கோட்டிலும் உள்ளன.

60% பலகையில் இவ்வைந்து விசைகளும் இருப்பதால் தமிழ் எழுதத் தடையில்லை. 40% பலகைகள் பலவற்றில் அடைப்புக்குறி விசைகள் நீக்கப்பட்டிருக்கும். பஞ்சு, சாயம் என்று எழுதவே ஒவ்வொரு முறையும் அடுக்கு மாற்றும் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். பின்னலாடை நகரான திருப்பூரில் இச்சொற்கள் இன்றி ஒரு கடிதமும் நகராது!

சில 61 விசைப் பலகைகளில் வேறொரு இடர் உண்டு. சாய்கோட்டு விசையே மேல் அம்புக்குறியாகவும் பணியாற்றும். அம்புக்குறி நிலை பூட்டப்பட்டிருந்தால் ழகரம் வராது. சுட்டி மேல்வரிக்குத் தாவிவிடும். தமிழ் என்ற சொல்லையே எழுத முடியாத நிலை. வாங்குமுன் இவ்விசையின் பக்கவாட்டுக் குறியைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

நிலைமாற்றிகள்

செர்ரி நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ் வகையே இன்றைய நிலைமாற்றிகளுள் பெரும்பாலானவற்றுக்கு மூலம். அதன் காப்புரிமை முடிந்தபின் கேட்டரான், கைல் முதலிய சீன நிறுவனங்களின் விலை குறைந்த ஒத்த வகைகள் பரவின. சிவப்பு வகை தடையின்றி இறங்கும்; பழுப்பில் இடையே சிறு தடை உணரப்படும்; நீலம் 'டிக்' என ஒலிக்கும். எம்.எக்ஸ் சிவப்பு விசை முழுமையாக இறங்கும் தொலைவு 4 மி.மீ.; பாதியிலேயே எழுத்து பதிவாகிவிடும். விளையாடுபவர் சிவப்பையும், நாள் முழுதும் எழுதுபவர் பழுப்பையும் நாடுவது வழக்கம். பலர் அமர்ந்து பணியாற்றும் அறைக்கு நீலம் பொருந்தாது.

விளையாட்டுக்குப் பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் அனைத்தும் பதிவாகும் பலகையே தேவை. ஆட்டங்களில் நகர்வுக்குப் பயன்படும் நான்கு விசைகளும் தமிழ்99 முறையில் ஈ, அ, இ, உ என்னும் உயிர்களாக இருப்பதால், தமிழ் உள்ளீட்டை நிறுத்த மறந்தவரின் உரையாடல் பெட்டியில் உயிரெழுத்துகள் அணிவகுப்பதுண்டு.

பஞ்சுத்தூசியும் இரட்டைப் பதிவும்

பின்னல் எந்திரங்களிலிருந்து பறக்கும் பஞ்சுத்துகள் அருகிலுள்ள அலுவலக மேசைகளிலும் படிகிறது. நிலைமாற்றியின் தொடுமுனையில் அழுக்குச் சேர்ந்தாலோ தேய்ந்தாலோ ஒரு முறை அழுத்திய விசை இருமுறை பதிவாகக்கூடும். ஆங்கிலத்தில் இப்பிழை பெரும்பாலும் கண்ணில் படும். தமிழ்99 முறையிலோ ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி இடப்படுகிறது. எனவே விலை என்பது வில்லை எனவும், கடை என்பது கட்டை எனவும் மாறும். இரண்டும் சரியான சொற்களே. எழுத்துப்பிழை திருத்தியும் இவற்றைப் பிழையெனக் காட்டாமல் விடக்கூடும். விலைப்பட்டியல் வாங்குபவரின் கைக்குச் சென்ற பிறகே தெரியவரும்.

ஆகவே இத்தகைய இடங்களுக்கு நிலைமாற்றியைப் பற்றவைப்பின்றிக் கழற்றி மாட்டும் குழிகள் கொண்ட பலகையே ஏற்றது. பழுதுற்ற ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சில மலிவான பலகைகளின் குழிகள் குறிப்பிட்ட நிலைமாற்றிகளை மட்டுமே ஏற்கும் என்பதையும், மூன்று முனை, ஐந்து முனை என்ற வேறுபாட்டையும் கேட்டறிய வேண்டும். தூசியை அகற்ற விசைமூடிகளைக் கழற்றி மென்தூரிகையால் துடைத்தல் போதும்.

பின்னொளி

விசைமூடியின் எழுத்து ஒளிபுகும் பொருளால் ஆனது, கீழிருந்து எல்.ஈ.டி விளக்கு அதனை ஒளிர்விக்கிறது. பல பலகைகளில் விளக்கு விசையின் மேற்பாதியில் இருப்பதால் மேலே உள்ள ஆங்கில எழுத்தே ஒளிரும். ஒளிபுகாத தமிழ் ஒட்டிகளை அதன்மேல் ஒட்டினால் பின்னொளிக்குக் கொடுத்த பணம் வீண். கம்பியில்லாப் பலகைகளில் இவ்வொளி மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும். விசைகளைப் பாராமல் தட்டச்சு செய்யப் பழகியவருக்கு இது அழகு மட்டுமே.

எண் பகுதி

ஏற்றுமதி நிறுவனங்களில் உருப்படிக் கணக்கையும் விலையையும் நாள் முழுதும் உள்ளிடுபவர் எண் பகுதியில்லாப் பலகையை வாங்குதல் தகாது. மேசையில் இடம் குறைவெனில் தனியாகக் கிடைக்கும் யு.எஸ்.பி எண் பலகையைக் கச்சிதப் பலகையுடன் சேர்த்துப் பயன்படுத்தலாம். இடக்கையால் எண் உள்ளிடுவோர் அதனை இடப்புறத்திலும் வைத்துக்கொள்ள இயலும்.