அணையாத அடுப்பும் கேட்காத கேள்வியும்



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "சார், நீங்க வரலாறு படிச்சவரு. கல்வெட்டு, கோயில், அந்த மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். சரி என்றுதான் சொன்னேன். ஆனால் போன மாதம் நமது சங்கத்தின் செயற்குழுவில் நடந்த விவாதம் ஒன்று என்னைச் சோழர் காலத்துப் பக்கம் போகவே விடவில்லை.

விஷயம் இதுதான். காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றோடு கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் நம்மிடம் கணிசமாக இருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பேராசிரியர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் சார்பில் காலைச் சிற்றுண்டி கொடுப்பது என்று முடிவாயிற்று. பணத்துக்கும் பொறுப்பேற்க ஆள் இருந்தார்கள். தகராறு வந்தது ஒரே கேள்வியில்தான். யாருக்குக் கொடுப்பது?

"வருமானச் சான்றிதழ் வாங்கிக்கணும்" என்றார் ஒருவர். "துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்" என்றார் இன்னொருவர். "தனி கலர்ல ஒரு கார்டு அடிச்சுக் குடுத்துடலாம்" என்றார் மூன்றாமவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பணம் தகுதியான வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலைதான். முடிவு எட்டாமல், பொதுக்குழுவில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்து வந்துவிட்டோம். இந்த மலர் உங்கள் கையில் இருக்கும் நாளில்தான் அந்தப் பொதுக்குழுவும் கூடுகிறது.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதே தவிர, நம் மண்ணுக்குப் புதிதல்ல. பசித்தவனுக்குச் சோறு போட முனைந்த ஒவ்வொருவர் முன்னும் அது வந்து நின்றிருக்கிறது. அவரவர் சொன்ன பதிலும், அதன் விளைவும் வரலாற்றில் இருக்கின்றன.

வடலூர், 1867

எங்க ஊரிலிருந்து வடலூர் நடந்து போகும் தூரம். தைப்பூசம் என்றால் எங்க ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். ஜோதி தரிசனம் முடிந்ததும் தருமச்சாலையில் பந்தி. "இங்க மட்டும்தாண்டா, நீ யாரு, எந்த ஊரு, என்ன சாதின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பசிக்குதான்னு மட்டும்தான் கேப்பாங்க" என்று ஆயா சொன்னது அன்று எனக்குப் புரியவில்லை. வெளியே மற்ற இடங்களில் என்னவெல்லாம் கேட்கிறார்கள் என்பது தெரிந்த வயதில்தான் புரிந்தது.

இராமலிங்க அடிகளார் 1823இல் மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, பின்னர் கருங்குழிக்கு வந்து தங்கினார். வடலூர் என்று இன்று நாம் சொல்லும் பார்வதிபுரம் கிராமத்து மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர் என்பதால், இது நூறு ஏக்கருக்கும் மேல். அந்த நிலத்தில் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 21 அடி நீளமுள்ள அந்த அடுப்பைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடிகளார் போட்ட விதி எளிமையானது. தேசம், சமயம், சாதி எதையும் பார்க்கக் கூடாது. வந்தவர் நல்லவரா கெட்டவரா என்றும் விசாரிக்கக் கூடாது. பசி என்பது உடம்பில் பற்றிய தீ. தீப்பிடித்த வீட்டுக்காரனிடம் சாட்சிப் பத்திரம் கேட்டுவிட்டா தண்ணீர் ஊற்றுகிறோம்?

'இப்படிக் கேள்வி முறையில்லாமல் போட்டால் தாங்குமா?' என்று அன்றைக்கும் சிலர் நினைத்திருப்பார்கள். அடிகளார் 1874இல் மறைந்தார். ஆட்சிகள் மாறின, நாணயம்கூட மாறியது. இன்று அறநிலையத்துறை நிர்வாகத்தில் இருக்கும் அந்தச் சாலைக்கு மக்கள் அரிசி மூட்டையும் காய்கறியும் கொண்டுவந்து இறக்குவது நிற்கவேயில்லை. கணக்குப் பார்த்தால் 150 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

தாது வருஷம், 1876

அடுப்பு மூட்டி ஒன்பது ஆண்டுகளில் தென்னாட்டை ஒரு பெரும் பஞ்சம் பிடித்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அதை நம் கிழவிகள் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்றே சொல்வார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் நாட்டில் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறுவது அப்போதும் நிற்கவில்லை.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்த அதே மாதம், பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இவரைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாகக் கொடுத்து, சாவு பெருகாமல் தடுத்தவர் இவரே! அதற்குக் கிடைத்த பரிசு, 'அரசுப் பணத்தை வாரி இறைத்துவிட்டார்' என்ற ஏச்சு. ஏச்சு வாங்கிய மனுஷன் தெற்கே வரும்போது வேறு ஆளாக வந்தார்.

நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் (சுமார் 450 கிராம்) ஒரு அணாவும். பெண்ணுக்கும் சிறுவருக்கும் அதைவிடக் குறைவு. இதைத்தான் 'டெம்பிள் கூலி' என்பார்கள். இதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும். அதோடு, உண்மையிலேயே பசித்தவன்தானா என்று கண்டுபிடிக்கச் சோதனைகள்! உடம்பில் தெம்புள்ளவன் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள வேலைக்குப் போக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தேவை இல்லாதவன் அவ்வளவு தூரம் வரமாட்டான் என்பது கணக்கு. ஆனால் அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லாதவனும் வரமாட்டான் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து வாதாடினார். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். கால்வாய்க்கு அன்றைய கவர்னரின் பெயர் இருக்கிறது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஒரே மண், ஏறக்குறைய ஒரே காலம். ஒரு பக்கம் கேள்வி கேட்காத ஒரு சாமியாரின் அடுப்பு. மறுபக்கம், சலுகை தவறான ஆளுக்குப் போய்விடக் கூடாதே என்று சல்லடை போட்டுச் சலித்த சர்க்கார். சல்லடையில் யார் கீழே விழுந்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துச் சோறு

அடுத்த கட்டம் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. 1920இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கத் தீர்மானம் ஆயிற்று. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரையறை. மேலும் சில பள்ளிகளுக்குப் பரவியது, பிள்ளைகளின் வருகையும் கூடியது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு ஒப்பவில்லை. 1925இல் நின்றுபோயிற்று.

பிறகு காமராசர் காலம். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முனைப்பில், ஊர்மக்கள் தரும் அரிசி, பருப்பு, காசை வைத்தே வேலை தொடங்கியது. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைக் காமராசர் தொடங்கிவைத்தார். பின்னர் அரசும் பங்கு கொடுத்தது. அறுபதுகளில் 'கேர்' நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. அந்தப் பாலைக் குடித்தவன் நான். அடிப்பிடித்த வாசனை அடிக்கும். ஆனாலும் தட்டைக் கழுவாமல் இரண்டாவது தடவை போய் நிற்போம்!

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 'இவ்வளவு செலவு வீண், மாநிலமே திவாலாகிவிடும்' என்று படித்தவர்கள் பலர் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திவாலாகவில்லை. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கினார். முதலில் 1,545 பள்ளிகளில் ஆரம்பித்து, 2023இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

கட்சி எதுவானாலும் சரி, ஒன்றைக் கவனியுங்கள். சத்துணவு வரிசையில் எந்தப் பிள்ளையிடமும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. உட்கார்ந்தால் சோறு. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருகிறவன் தானாகவே வரமாட்டான். சல்லடை தேவைப்படவில்லை.

ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்புவரைக்கும்தான். அதற்கு மேலே போகிற பிள்ளைக்கு என்ன வழி? வயிறு பத்தாம் வகுப்போடு பாஸாகி வெளியே போய்விடுகிறதா? அந்த இடைவெளியில்தான், தம்பி தங்கைகளே, நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மெஸ் பலகை, 1975

இதுவரை சொன்னது படித்தது. இனிச் சொல்வது பட்டது.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்க வீட்டில் நிலைமை சரியில்லை. விடுதிக் கட்டணம் இரண்டு மாதப் பாக்கி. அந்த நாளில் பாக்கிக்காரர்களின் பெயரைச் சாக்பீஸில் பலகையில் எழுதி மெஸ் வாசலில் மாட்டிவிடுவார்கள். பெயர் ஏறிவிட்டால் உள்ளே இலை இல்லை. பதினோரு நாள் என் பெயர் அதில் இருந்தது. நண்பர்கள் கூப்பிட்டால் "வெளிய சாப்ட்டுட்டேன்டா" என்பேன். சாப்பிட்டது குழாய்த் தண்ணீர். உதவி கேட்டு விண்ணப்பம் எழுதலாம் என்று ஒரு பாரம் இருந்தது. அதில் 'குடும்ப வறுமையை விளக்குக' என்று ஒரு கட்டம். பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. அப்பாவின் கஷ்டத்தை நாலு பேர் படிக்கிற காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

நாலாம் நாள் ராத்திரி, சமையல்கட்டுப் பின்வாசலில் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. எனக்கு ஜலதோஷம், நாக்கு செத்துப்போச்சு. சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார். கரண்டியில் சாம்பார் தரவில்லை. தட்டு நிறையச் சோறு போட்டு, அதன்மேல் சாம்பார் ஊற்றிக் கொடுத்தார். மறுநாளும் அவருக்கு ஜலதோஷம். பலகையில் என் பெயர் அழியும்வரை அவருக்கு ஜலதோஷம் விடவில்லை!

அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பி.ஏ. முடித்ததும், வாத்தியார் ஆனதும் அந்த உப்புப் பார்த்த சோற்றால்தான். பாரம் நிரப்பச் சொல்லியிருந்தால், நான் அந்த வாரமே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

ஆகவே பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். சான்றிதழ் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், கலர் கார்டும் வேண்டாம். காலை ஏழேமுக்காலுக்குக் கதவைத் திறந்து வைப்போம். பொங்கலோ உப்புமாவோ, சூடாக இருக்கட்டும். எத்தனை தட்டு போயிற்று என்று மட்டும் எண்ணுவோம், யார் தட்டு என்று எழுத வேண்டாம். வசதியுள்ள நாலு பையன்கள் வந்து சாப்பிட்டால் சாப்பிடட்டும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் வசதியில்லாதவன் தலைநிமிர்ந்து சாப்பிட முடியும். நெல் விளைவிக்கிற நண்பர்கள் ஆளுக்கொரு மூட்டை கொடுங்கள். மற்றவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளிலோ பெற்றோரின் நினைவுநாளிலோ ஒரு நாள் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கதவு திறந்தால் கூச்சப்படாமல் உள்ளே வாருங்கள். யாராவது எதற்கு வந்தாய் என்று கேட்டால், உப்புப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்.

— முன்னாள் மாணவர், பி.ஏ. வரலாறு (1973–76)