திருப்தியில்லாதவள்

1899ஆம் வருஷம் ஏப்ரல் 29ந் தேதி. பாரிஸுக்கு அருகே அஷேர் என்ற ஊரின் நேர்ச்சாலையில், டார்பிடோ உருவத்தில் ஒரு மின்சாரக் கார் வந்து நின்றது. பெயர் 'லா ஜமே கோந்தாந்த்' - ஒருபோதும் திருப்தியடையாதவள்! ஓட்டியவர் பெல்ஜியக்காரர் காமில் ஜெனாட்ஸி.

பாட்டரிகளோடு வண்டியின் கனம் சுமார் ஒன்றரை டன். அதற்கு எந்தச் சக்கரம் பூட்டுவது? கெட்டி ரப்பர் வெடிக்காது. ஆனால் வேகத்தில் உதறித் தள்ளிவிடும். காற்றடைத்த டயர் மெத்தென்று ஓடும். வெடித்தாலோ உயிருக்கே ஆபத்து. 1895ல் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் காற்று டயருடன் ஓடி, வழியெல்லாம் பஞ்சர் ஒட்டியது ஊரறிந்த கதை.

இருந்தும் ஜெனாட்ஸி அவர்களுடைய டயரையே நம்பினார். மணிக்கு 105.88 கிலோமீட்டர்! மோட்டார் வண்டி நூறைத் தாண்டியது அதுவே முதல் தடவை. புகழெல்லாம் மின்சாரத்துக்குப் போயிற்று. அந்த வேகத்தைத் தரையோடு பிடித்துவைத்தது கொஞ்சம் ரப்பரும், அதில் அடைபட்ட காற்றும்தான் அல்லவா?